டிரைவர்னு போடு

தங்கை கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பு அச்சகத்திலிருந்து வந்தது. பிழை திருத்துவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். அதனால் வேறு யார் கையிலும் அதைக் கொடுக்கவில்லை. அப்பா பெயருக்குக் கீழே 'ஓட்டுனர் (ஓய்வு)' என்று கோத்திருந்தார்கள். 'னர்' மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'நர்' என்று சிவப்பு மையில் எழுதினேன். வருடத்துக்கு நூறு தடவையாவது திருத்துகிற பிழை இது. கை தானாகவே போகும்.

காரணம் சுருக்கமாக: 'நர்' பழைய விகுதி. உழுநர், பொருநர், மகிழ்நர் எல்லாம் அதில் விளைந்தவை. ஆளுநர், பெறுநர், இயக்குநர் என்று இன்றைக்கும் விளைகிறது. 'உறுப்பினர்' வேறு கணக்கு. உறுப்பு, இன், அர் மூன்றும் சேர்ந்தது. அதைப் பார்த்து ஓட்டுபவருக்கும் 'னர்' ஒட்டிவிட்டார்கள். பேருந்தின் உள்ளேயே தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்து இறங்கும்வரை எரிச்சலோடு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. தொழில் நோய்.

திருத்திய தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இது யாருடா, ஓட்டுநர்?"

"நீங்கதாம்ப்பா."

"32 வருசம் லாரி ஓட்டியிருக்கேன். ஒருத்தன் என்னைய 'ஏனுங்க ஓட்டுநரே'ன்னு கூப்பிட்டதில்ல. டிரைவர்னு போடு."

டிரைவர் ஆங்கிலம் என்றேன். "அப்ப லாரி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சரக்குந்து என்று சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் கல்யாணத்துக்கே வந்திருக்க மாட்டார்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. இதே சண்டை, இதே இரண்டு பேர். 2,000 வருடங்களுக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கிறது, எனக்குத் தோல்வியாக.

வடமொழி இலக்கணத்துக்குப் பாணினி எழுதிய சூத்திரங்களுக்குப் பதஞ்சலி ஒரு பேருரை எழுதினார். அதற்கு மகாபாஷ்யம் என்று பெயர். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அதில் 'அஜ்' என்ற வினையடி பற்றி ஒரு பேச்சு வருகிறது. அஜ் என்றால் ஓட்டுதல், விரட்டுதல். பாணினி விதிப்படி பெரும்பாலான விகுதிகளுக்கு முன்னால் இந்த அஜ் எழுந்து போய்விடும்; அதன் இடத்தில் 'வீ' வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே தேர் ஓட்டுகிறவரை 'ப்ரவேதா' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தெருவில் எல்லோரும் 'ப்ராஜிதா' என்கிறார்கள். அஜ் எழுந்து போக மறுக்கிறது. எது சரி? பதஞ்சலி விதியை வைத்து வாதம் செய்வதை விட்டுவிட்டு ஒரு காட்சியைச் சொல்கிறார்.

ஓர் இலக்கணக்காரர் தேர் ஒன்றின் பக்கத்தில் வந்து கேட்கிறார்: "இந்தத் தேரின் ப்ரவேதா யார்?"

தேரோட்டி சொல்கிறார்: "ஐயா, இந்தத் தேரின் ப்ராஜிதா நான்தான்."

"அது பிழையான சொல்."

"தேவானாம்பிரியருக்கு விதி எது என்று தெரிகிறது. எந்தச் சொல் வேண்டப்படுகிறது என்று தெரியவில்லை. இந்த வடிவம் வழக்கில் ஏற்றதுதான்."

இலக்கணக்காரருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "சே, இந்தத் துருதனால் பெரிய தொல்லையாகப் போயிற்று!"

இந்த வசவில் ஒரு வித்தை இருக்கிறது. தேரோட்டிக்கு இன்னொரு பெயர் 'சூதன்'. அதை 'சு' 'உத' என்று பிரித்தால் 'நன்றாக நெய்யப்பட்டவன்' என்று ஆகும். நல்லதைக் குறிக்கும் 'சு'வை எடுத்துவிட்டுக் கெட்டதைக் குறிக்கும் 'துர்' சேர்த்தால் 'துருதன்'. இலக்கணம் படித்தவர் திட்டினால்கூட விகுதி, முன்னொட்டு எல்லாம் பார்த்துத்தான் திட்டுவார். தேரோட்டி அதற்கும் அசரவில்லை:

"சூதன் என்ற சொல் நெய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வரவில்லை ஐயா. ஏவுதலைக் குறிக்கும் 'சூ' என்ற வேரிலிருந்து வந்தது. என்னைத் திட்டத்தான் வேண்டும் என்றால் 'துஃசூதன்' என்று திட்டுங்கள்."

அவ்வளவுதான், காட்சி முடிகிறது. கடைசி வார்த்தை தேரோட்டியுடையது. எழுதிய பதஞ்சலி தானே ஓர் இலக்கணக்காரர் என்பதை நினைத்தால் இந்த இடம் இன்னும் ருசிக்கும். தன் கூட்டத்து ஆளையே நடுத்தெருவில் நிறுத்தி, குதிரைக் கயிறு பிடிக்கிறவரிடம் பாடம் கேட்க வைத்திருக்கிறார். அந்தத் 'தேவானாம்பிரியர்' வேறு! தேவர்களுக்கு இனியவர். அசோகர் தன் கல்வெட்டுகளில் தன்னைச் சொல்லிக்கொண்ட பட்டம். பிற்பாடு வடமொழியில் அதற்கே 'மூடன்' என்ற பொருளும் ஏறிவிட்டது. தேரோட்டி எந்தப் பொருளில் சொன்னார் என்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால்தான் தெரியும்.

இந்த அஜ் வெகுதூரம் பயணம் செய்த சொல். லத்தீனில் ஓட்டுவதற்கும் நடத்துவதற்கும் உள்ள 'அகெரெ' இதன் உடன்பிறப்பு. அதிலிருந்து வந்ததுதான் நாம் தினமும் சொல்லும் 'ஏஜெண்ட்'. லாரி புக்கிங் ஆபீஸில் கமிஷன் பிடித்துக்கொண்டு லோடு கொடுக்கிற ஏஜெண்டும் லாரியை ஓட்டுகிற டிரைவரும் பொருள் வழியில் பங்காளிகள். அப்பாவிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தேரோட்டிக்கு வடமொழியில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. அமரகோசம் என்ற பழைய நிகண்டு ஒரே மூச்சில் அடுக்குகிறது: நியந்தா, ப்ராஜிதா, யந்தா, சூதன், க்ஷத்தா, சாரதி, சவ்யேஷ்டன், தட்சிணஸ்தன். முதல் தடவை படித்தபோது மனப்பாடச் செய்யுள் என்று தாண்டிப் போய்விட்டேன். பத்திரிகைச் சண்டைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கோணத்திலிருந்து அதே ஆளைப் பார்க்கிறது. ப்ராஜிதா என்றவர் விரட்டுவதைப் பார்த்திருக்கிறார். சூதன் என்றவர் ஏவுவதை. யந்தா, நியந்தா இரண்டும் நேர் எதிர்ப் பக்கம். 'யம்' என்றால் அடக்கிப் பிடித்தல். யந்திரம் என்ற சொல்லும் அதே வேர்தான். நம் எந்திரம் அதன் தமிழ் உருவம். குதிரையை ஓடவிடுகிறவர் என்று சில பெயர்கள், ஓடாமல் பிடிக்கிறவர் என்று வேறு சில பெயர்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா ஒருமுறை கொல்லிமலைக்கு லாரியில் கூட்டிக்கொண்டு போனார். காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எனக்குத் தூக்கம். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது தூக்கம் போய்விட்டது. அப்பா ஆக்சிலேட்டரில் காலே வைக்கவில்லை. இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்தது. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டார். அமுக்கிப் பிடிக்கவே இல்லை. பிடித்தால் டிரம் சூடேறி, அப்புறம் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். "ஏறுன கியர்லயே இறங்கோணும்" என்று என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து வண்டி நின்றது. நின்ற மறுநொடி இடப்பக்கக் கதவு திறந்தது. கிளீனர் அண்ணன் கட்டையோடு கீழே குதித்துச் சக்கரத்துக்கு அடியில் சொருகிவிட்டார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டை விழுந்த சத்தத்தைக் காது வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். யந்தா என்றால் என்ன என்று எனக்கு எந்த அகராதியும் சொல்ல வேண்டாம்.

கோயில் தேரிலும் இதே கதைதான். சிவன் கோயில் தேர்கள் பலவற்றில் முன்பக்கம் மரக்குதிரைகள் பாய்ந்து நிற்கும்; அவற்றுக்குப் பின்னால் பிரம்மா உருவம், கையில் கயிறு. முப்புரம் எரிக்கப் போன சிவனுக்குப் பிரம்மா தேரோட்டினார் என்ற கதையின் படம் அது. ஆனால் தேர் எங்கே போக வேண்டும் என்று அந்தப் பிரம்மாவா முடிவு செய்கிறார்? வடம் இழுக்கிறவர்களும் இல்லை. அவர்கள் முன்னால் பார்த்து இழுப்பதோடு சரி. சக்கரத்துக்குப் பக்கத்தில், விழுந்தால் ஆளே மிஞ்ச மாட்டார் என்கிற இடத்தில், குனிந்தபடி ஓடுகிறார்களே, முட்டுக்கட்டை போடுகிறவர்கள், அவர்கள்தான் ஓட்டுகிறார்கள். கட்டையைச் சாய்த்து வைத்தால் சக்கரம் வழுக்கித் திரும்பும். நேராக வைத்தால் நிற்கும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் என்பார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் திருப்பத்தில் கட்டைதான் பேசுகிறது. அப்படிப்பட்ட வேலையின் பெயரைத்தான் நாம் எடுத்துக்கொண்டு 'என் காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்' என்று அடுத்தவரைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம்.

அமரகோசப் பட்டியலில் கடைசி இரண்டு பெயர்கள் உட்காரும் இடத்தை வைத்து வந்தவை. சவ்யேஷ்டன் இடப்பக்கம் நிற்பவன், தட்சிணஸ்தன் வலப்பக்கம் நிற்பவன். நம் ஊர் லாரியில் டிரைவர் வலப்பக்கம், கிளீனர் இடப்பக்கம். தட்சிணஸ்தனுக்கு இன்னும் ஆள் இருக்கிறது.

இப்போது சாரதிக்கு வரலாம். நமக்கு மிகவும் தெரிந்த பெயர் இது. ஓட்டுதல், ஏவுதல், அடக்குதல் எதையும் சொல்லாத பெயரும்கூட. 'ச' என்றால் உடன், 'ரதம்' தேர். சரதம் என்றால் ஒரே தேரில். ஒரே தேரில் கூட இருப்பவர் சாரதி. வேலை இன்னதென்று சொல்லாமல் 'கூட இருக்கிறவர்' என்று மட்டும் ஒரு தொழிலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். யோசித்தால் அது நியாயம்தான். தேர் கவிழ்ந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கவிழும். போர்க்களத்தில் வில்லாளியாவது திருப்பி அடிக்கலாம். சாரதிக்கு இரண்டு கையிலும் கயிறு.

இதைத் திருவல்லிக்கேணியில் கண்ணால் பார்க்கலாம். அங்கே மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு, கையில் சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொன்ன வாக்குக்காக அப்படி என்பார்கள். உற்சவர் பார்த்தசாரதி. அவர் முகத்தில் தழும்புகள் இருக்கின்றன. பீஷ்மர் விட்ட அம்புகள் பட்ட வடு என்பது நம்பிக்கை. தேர்த்தட்டில் முன்னால் உட்கார்ந்தவருக்கு முதலில் படும். நான் அங்கே போகும்போதெல்லாம் மீசையை விட்டுவிட்டு அந்த வடுக்களைத்தான் தேடுவேன். தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு நொடி தெரியும்.

திருமங்கையாழ்வார் இந்த ஊருக்குப் பாடிய முதல் பாசுரத்தில் சாரதி என்ற சொல் இல்லை. 'கோல் கையில் கொண்டு பார்த்தன்தன் தேர்முன் நின்றானை' என்கிறார். கையில் குதிரைக்கோல், நிற்கும் இடம் தேருக்கு முன்னால். அவ்வளவு போதும் அவருக்கு. அதே பாசுரத்தின் தொடக்கத்தில் 'வேழமும் பாகனும் வீழ' என்று கம்சனின் யானையும் அதன் பாகனும் விழுகிறார்கள். ஒரு பாகன் விழுந்து ஒரு தேர்ப்பாகன் எழுகிறான் என்று நான் படித்துக்கொள்வேன். ஆழ்வார் அப்படி நினைத்துப் பாடினாரா என்று கேட்காதீர்கள்.

தமிழ்நாட்டில் சாரதி என்றால் ஆள் பெயர், சாமி பெயர். அதிகபட்சம் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் மத்திய அரசு இணையதளத்தின் பெயர். கடலைத் தாண்டினால் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜ் வாசலில் 'சாரதி தேவை' என்று பலகை தொங்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் விளம்பரம் கொடுத்த மாதிரி இருந்தது. கூட வந்த நண்பருக்கு என் சிரிப்பு விளங்கவில்லை. "சாரதி எண்டால் சாரதிதானே" என்றார். அவர்களுக்கு அது தினசரிச் சொல். உரிமத்தின் பெயரே சாரதி அனுமதிப்பத்திரம். நாம் கருவறைக்குள் வைத்துப் பூட்டிய சொல்லை அங்கே மினிபஸ் ஓட்டுகிறவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சூதனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆரம்பத்தில் பெரிய இடம்தான். அதர்வ வேதத்தில் அரசனை ஆக்குகிறவர்கள் வரிசையில் ஊர்த்தலைவனோடு சூதனும் வருகிறான். அரசனுக்குத் தேர் ஓட்டுகிறவன், புகழைப் பாடுகிறவன், வம்சக் கதை தெரிந்தவன். வேர் வழியிலும் உயர்ந்த சொந்தம்: சூரியனைக் குறிக்கும் சவிதா என்ற பெயரும் அதே ஏவுதலிலிருந்து வந்ததுதான். பிறகு மனு தர்மம், சத்திரியத் தகப்பனுக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்த கலப்புச் சாதி என்று சூதனை ஒரு பெட்டிக்குள் போட்டு, குதிரையும் தேரும் உன் வேலை என்று எழுதிவைத்தது. தொழிற்பெயர் சாதிப்பெயராகி, சாதிப்பெயர் வசவாகிவிட்டது.

வசவு எப்படி விழுகிறது என்று பார்க்க மகாபாரதத்தின் ஆதிபர்வத்துக்குப் போக வேண்டும். இளவரசர்கள் வித்தை காட்டும் அரங்கில் கர்ணன் வந்து நிற்கிறான். அங்க நாட்டுக்கு முடியும் சூட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, அவனை எடுத்து வளர்த்த தேரோட்டி அதிரதன் உள்ளே வருகிறார். வேர்த்து, நடுங்கி, கோலை ஊன்றிக்கொண்டு. கர்ணன் வில்லை விட்டுவிட்டு, அபிஷேக ஈரம் காயாத தலையோடு அவர் காலில் விழுகிறான். எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. பீமன் சொல்கிறான்: உன் குலத்துக்கு ஏற்றபடி சாட்டையை எடுத்துக்கொள், போ. இந்தக் காட்சியில் எனக்குக் கர்ணனை விட அதிரதன் மேல்தான் கண். பையனைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர். தான் வந்ததால்தான் இது நடந்தது என்று அவருக்கு எப்போது உறைத்திருக்கும்?

தங்கைக்கு முதலில் பார்த்த ஓர் இடத்தில் எல்லாம் பேசி முடிந்த மாதிரிதான் இருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா என்ன பண்றாருங்க?" என்று கேட்டார்கள். அப்பாவே பதில் சொன்னார். "லாரி டிரைவருங்களா" என்று அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் போன் வரவில்லை. பத்திரிகையில் 'ஓட்டுநர்' என்று நான் பிடிவாதமாகத் திருத்தியதில் இலக்கணம் எவ்வளவு, அந்த டம்ளர் எவ்வளவு என்று எனக்கே சந்தேகம் உண்டு.

தமிழிலும் சூதர் இருக்கிறார்கள், ஆனால் தேர் இல்லாமல். மதுரைக்காஞ்சியில் விடியற்காலையில் பாண்டியனை எழுப்பும் இடத்தில் 'சூதர் வாழ்த்த மாகதர் நுவல' என்று வருகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சூதர் நின்று ஏத்துவார், மாகதர் இருந்து ஏத்துவார் என்று பிரித்துக் காட்டுகிறார். பாட்டுப் பாதி மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. தேர் பாதிக்கு இங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார்கள் என்று தோன்றுகிறது. இன்னொரு தொல்லை, தமிழில் சூதாட்டம் என்ற சொல் பக்கத்திலேயே நிற்பதால் சூதன் என்றால் சூதாடுகிறவன், சூழ்ச்சிக்காரன் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சூது 'த்யூதம்' என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. இரண்டையும் ஒரே வாழ்க்கையில் பார்த்த ஒருவன் உண்டு: நளன். சூதில் நாட்டை விட்டான், சூதனாகி வேறொரு அரசனுக்குத் தேர் ஓட்டினான். நளவெண்பாவில் அந்தத் தேரின் வேகம்:

மேலாடை வீழ்ந்த தெடுவென்றான் அவ்வளவில்
நாலாறு காதம் நடந்ததே

மேலே போட்ட துண்டு விழுந்துவிட்டது, எடு என்று அரசன் சொல்லி முடிப்பதற்குள் தேர் 24 காதம் போய்விட்டது. முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர் ஜன்னல் வழியே செருப்பைத் தவறவிட்ட கதை அப்பாவிடமும் ஒன்று உண்டு. அதில் தூரம் இவ்வளவு இல்லை.

தமிழில் ஏற்கெனவே இருந்த ஆட்கள் இருவர்: பாகன், வலவன். பாகன் யானைக்கும் தேருக்கும் பொது. தொல்காப்பியக் கற்பியல் 'பேரிசை ஊர்திப் பாகர்' என்று அவரைப் பொருட்படுத்திச் சொல்கிறது, தலைவன் அவரிடம் மனம்விட்டுப் பேசும் இடம் என்று. இப்போது பாகன் யானையோடு நின்றுவிட்டார். வலவன் பேச்சிலிருந்தே போய்விட்டார். வல் என்றால் திறமை. வல்லவன், நாவலன் எல்லாம் அந்தக் குடும்பம். குதிரை, தேர், கயிறு ஒன்றையும் சொல்லாமல் 'தெரிந்தவன்' என்று மட்டும் சொல்கிற பெயர். வலப்பக்கத்தான் என்றும் காதில் விழும். ஏரிலும் வண்டியிலும் வலப்பக்கம் பூட்டும் மாட்டுக்கு வலவன், இடப்பக்க மாட்டுக்கு இடவன் என்று பெயர் உண்டு. தேரோட்டி வலவன் திறமையிலிருந்து வந்தவன் என்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. ஆனாலும் கண்டக்டர் "ரைட்" என்று குரல் கொடுக்கும்போது இந்தச் சொல் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

வலவன் இன்றைக்கு நினைவுகூரப்படுவது பெரும்பாலும் ஒரே வரிக்காக. புறநானூறு 27, சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொன்னது: புலவர் பாடும் புகழ் உடையவர்கள் 'வலவன் ஏவா வான ஊர்தி' அடைவார்கள். பார்த்தீர்களா, தமிழன் அன்றே டிரோன் கண்டான் என்று வருடம் ஒருமுறை எனக்குச் செய்தி வந்துவிடும். டிரோனும் இல்லை ஒன்றும் இல்லை. நல்ல காரியம் செய்து செத்தவர்களுக்கு மேலுலகத்தில் கிடைக்கும் வாகனத்தைச் சொல்கிறார். என்னைப் பிடிப்பது 'ஏவா' என்ற சொல். தேரோட்டி ஏவ வேண்டாத ஊர்தி. மேலே பறக்கிற வாகனத்தைக் கற்பனை செய்யும்போதும் அதில் ஓட்டுகிறவர் இருக்கும் இடத்தைப் பார்த்து, அங்கே ஆள் இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த 'ஏவுதல்'. பதஞ்சலியின் தேரோட்டி சூதனுக்குச் சொன்ன பொருளும் அதேதான்.

நான் வலவனைச் சந்திக்கப் போவது வேறு இடத்துக்கு. அகநானூறு 384, ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. அரசன் வேலை முடிந்து ஒருவன் வீடு திரும்புகிறான். திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் சொல்வதாகப் பாட்டு. அவன் வலவனிடம் பேசுகிறான்: வேலை முடிந்ததும் ஆசையோடு தேரில் ஏறியது தெரியும். வந்த வழி எனக்குத் தெரியவில்லை. முயல்குட்டிகள் துள்ளும் முல்லைக்காடு, வரகு விளையும் சின்ன ஊர், அங்கே அவள் இருக்கும் வீட்டு வாசலில் நிறுத்தி 'இழிமின்' என்றாயே, அந்த ஒரு சொல்லில் மருண்டு போனேன்.

வான்வழங்கு இயற்கை வளிபூட் டினையோ
மானுரு வாகநின் மனம்பூட் டினையோ
உரைமதி வாழியோ வலவ

வானத்தில் திரியும் காற்றைப் பூட்டினாயா? இல்லை, குதிரை உருவத்தில் உன் மனத்தையே பூட்டினாயா? சொல்லப்பா, நீ நல்லா இருக்கணும்.

பாட்டு முழுக்க வலவன் பேசியது ஒரே ஒரு சொல். இழிமின். இறங்குங்கள். காதலன் காட்டுக்குள் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். இவர் கண் வழியில் இருந்திருக்கிறது. பஸ்ஸில் கண்ணயர்ந்து, "சார், ஊர் வந்திருச்சு" என்ற குரலில் திடுக்கிட்டு எழுந்தவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை வேண்டாம்.

அதற்கடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டும். தலைவன் நேரே மனைவியிடம் ஓடவில்லை. வலவனைத் தன் அகன்ற மார்போடு அணைத்துக்கொள்கிறான். 'மனைக்கொண்டு புக்கனன்', கையோடு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போகிறான். கடைசி வரி, 'விருந்தேர் பெற்றனள் திருந்திழை யோளே'. அவளுக்கு விருந்து கிடைத்தது. எத்தனையோ மாதம் கழித்து வந்த கணவனோடு, உள்ளே வந்து உட்காரும் விருந்தாளியாகத் தேரோட்டியும். பீமன் சாட்டையை எடுத்துக்கொள் என்று சொன்ன அதே தொழில்காரர்தான் இவரும்.

பத்திரிகை விஷயம் அப்பா சொன்னபடியே முடிந்தது. 'டிரைவர் (ஓய்வு)' என்று போட்டுக் கொடுத்தேன். அச்சகத்தில் நிஜமாகவா என்று போன் செய்து கேட்டார்கள். கல்யாணம் முடிந்து, சொந்தக்காரர்கள் போய், வீடு ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு இந்த அகப்பாட்டைப் படித்துக் காட்டினேன். வரிக்கு வரி அர்த்தம் சொன்னேன். காற்றைப் பூட்டினாயா, மனத்தைப் பூட்டினாயா என்ற இடத்தில் தலையை ஆட்டினார். கட்டிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போன இடத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை. உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் சரி," என்றார். "அவ்வளவு தூரம் ஓடி வந்த குதிரை, நுரை தள்ளியிருக்குமே. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா அதுகளை யாரு அவுத்துத் தண்ணி காட்டுறது? பாட்டுல இருக்குதா, பாரு."

மறுபடியும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். இல்லை.